பிள்ளைக்கான பராமரிப்புத் தொகை: பெற்றோரின் வருமானத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

பெற்றோர் பிரிந்து வாழும்போது, பிள்ளை யாரிடம் வளர்கிறதோ அவருக்கு மற்றவர் மாதாமாதம் தர வேண்டிய பணத்தைப் பற்றிய பக்கம் இது. ஜீவனாம்சம், தாபரிப்பு, பராமரிப்புத் தொகை என்று எந்தப் பெயரில் கேட்டாலும், பெரும்பாலான வழக்குகள் இழுத்தடிப்பது ஒரே இடத்தில்தான்: பணம் தர வேண்டியவரின் வருமானம் உண்மையில் எவ்வளவு? தொகையைக் கணக்கிடும் சூத்திரம் நாட்டுக்கு நாடு மாறும். வருமானத்தைத் தேடிப் பிடிக்கும் வழிகள் பெரிய அளவில் மாறுவதில்லை. அதனால் பொதுவான வழிகளைச் சொல்லி, தேவைப்படும் இடத்தில் நாட்டின் பெயரையும் குறிப்பிட்டிருக்கிறேன்.

வருமானம் என்றால் சம்பளம் மட்டும்தானா?

இல்லை. சம்பளம், போனஸ், கமிஷன், தொழில் லாபம், வாடகை, வட்டி, பங்குகளிலிருந்து வரும் ஈவுத்தொகை, ஓய்வூதியம், வேலையில்லாக் காலத்து உதவித்தொகை, விபத்துக்காக மாதாமாதம் வரும் இழப்பீடு, எல்லாமே பொதுவாகக் கணக்கில் வரும். 'வேலை செய்து சம்பாதித்ததா' என்று சட்டம் பார்ப்பதில்லை. 'அவர் கைக்கு வந்து, அவர் செலவழிக்கக்கூடியதா' என்றுதான் பார்க்கிறது. வறுமையில் இருப்பவருக்கு, தேவையைப் பார்த்து அரசு தரும் உதவியைப் பல இடங்களில் சேர்ப்பதில்லை. பிள்ளைக்கென்றே வரும் உதவித்தொகையைப் பெற்றோரின் வருமானமாக எடுக்கலாமா என்பது இடத்துக்கு இடம் மாறும்.

மொத்தச் சம்பளமா, பிடித்தம் போக மிஞ்சுவதா?

இரண்டு முறைகளும் உண்டு. உங்கள் வழக்கு எந்த முறையில் நடக்கிறது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். பிரிட்டனில் வரி பிடிக்கும் முன் உள்ள மொத்த வருமானம்தான் அடிப்படை. ஓய்வூதிய நிதிக்குக் கட்டுவது மட்டும் கழியும். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம் மொத்த வருமானத்தில் ஒரு பிள்ளைக்கு 17, இரண்டு பிள்ளைகளுக்கு 25, மூன்று பிள்ளைகளுக்கு 29 விழுக்காடு என்று போகிறது. டெக்ஸஸ் மாநிலமோ வரியும் சில பிடித்தங்களும் போன நிகர வருமானத்தை எடுத்து, ஒரு பிள்ளைக்கு 20 விழுக்காடு என்கிறது. ஜெர்மனியில் 1962 முதல் புழக்கத்தில் இருக்கும் டுசெல்டார்ஃப் அட்டவணையும் நிகர வருமானத்தையே பார்க்கிறது. இந்தியாவில் இப்படி ஒரு விழுக்காட்டைச் சட்டம் வகுக்கவில்லை. வருமானம், தேவை, இருவரின் வாழ்க்கைத் தரம் எல்லாவற்றையும் எடைபோட்டு நீதிமன்றம் முடிவு செய்கிறது.

'அவருக்கு 20, எனக்கு 17தானா?' என்று இரண்டு மாநிலத்து எண்களை அருகருகே வைத்து மனம் வெதும்புவதில் அர்த்தமில்லை. ஒன்று மொத்தத்தில் எடுத்தது, மற்றொன்று நிகரத்தில் எடுத்தது.

நிகர வருமானம் என்றால் எல்லாப் பிடித்தமும் கழியுமா?

இங்கேதான் சம்பளச் சீட்டை வரி வரியாகப் பார்க்க வேண்டும். வருமான வரி, கட்டாயச் சமூகப் பாதுகாப்பு நிதி, கட்டாய ஓய்வூதியப் பங்களிப்பு போன்றவை கழியும். அவற்றைக் கட்டாமல் இருக்க அவரால் முடியாது. சொந்த விருப்பத்தில் பிடிக்கச் சொன்னவை வேறு வகை: கூடுதல் சேமிப்பு, கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய கடனின் தவணை, சம்பள முன்பணம், ஆயுள் காப்பீட்டு பிரீமியம். இவற்றை நீதிமன்றம் பொதுவாகத் திரும்பக் கூட்டிக்கொள்ளும். சேமிப்பு அவர் பணமாகவே இருக்கிறது. முன்பணத்தை அவர் ஏற்கெனவே வாங்கிச் செலவழித்துவிட்டார்.

வழக்கு தொடங்கிய மாதத்திலிருந்து திடீரென்று ஒரு புதுப் பிடித்தம் முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். 80,000 சம்பளம் வாங்குபவர், கையில் 31,000தான் வருகிறது என்று ஒரு மாதச் சீட்டை மட்டும் நீட்டினால், அதற்கு முந்தைய 12 மாதச் சீட்டுகளையும் கேளுங்கள்.

ஓவர்டைம், போனஸ், கமிஷன் எல்லாம் நிலையில்லாதவை. அவற்றையும் சேர்ப்பார்களா?

வழக்கமாக வருபவை சேரும். மூன்று ஆண்டுகளாக எல்லா மாதமும் ஓவர்டைம் பார்த்தவருக்கு அது சம்பளத்தின் ஒரு பகுதி மாதிரிதான். ஒரே ஒரு முறை, ஒரு திட்டம் முடிந்ததற்காகக் கிடைத்த சன்மானத்தை ஆண்டுதோறும் வருவதாக எடுத்துக்கொள்வது நியாயமில்லை. அதை அந்த ஆண்டோடு நிறுத்திவிடுவார்கள், அல்லது பல ஆண்டுகளுக்குப் பிரித்துப் போடுவார்கள்.

ஒரு மாதம் நிறைய வருகிறது, ஒரு மாதம் ஒன்றுமில்லை. எதை வருமானம் என்பது?

சராசரி. கனடாவின் 1997 வழிகாட்டு விதிகள், வருமான வரிக் கணக்கில் உள்ள மொத்த வருமானத்தில் தொடங்குகின்றன. அந்த ஓர் ஆண்டின் எண் நியாயமாகப் படவில்லை என்றால் கடைசி மூன்று ஆண்டுகளின் போக்கைப் பார்க்கச் சொல்கின்றன. ஜெர்மனியிலும் சுயதொழில் செய்பவருக்கு மூன்று ஆண்டுச் சராசரிதான் வழக்கம்.

ஆனால் சராசரியைக் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. 9 லட்சம், 4 லட்சம், 8 லட்சம் என்று ஏறி இறங்கினால் 7 லட்சம் என்ற சராசரி பொருந்தும். 9, 7, 5 என்று வரிசையாகச் சரிந்தாலும் சராசரி அதே 7 லட்சம்தான். அவரிடம் இன்று அந்த வருமானம் இல்லை. அப்போது கடைசி ஆண்டை எடுப்பதுதான் சரி. அதே மாதிரி 5, 7, 9 என்று ஏறுபவர் சராசரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவும் விடக் கூடாது.

சொந்தத் தொழில் செய்கிறார். வரிக் கணக்கில் சொற்ப லாபம்தான் காட்டியிருக்கிறார். அதையே ஏற்றுக்கொள்வார்களா?

ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. வரித்துறை அனுமதிக்கும் செலவு வேறு, பிள்ளையின் பங்கைக் கணக்கிடும்போது அனுமதிக்கப்படும் செலவு வேறு. கனடாவின் விதிகள் இதை வெளிப்படையாகவே சொல்கின்றன: வரிச் சட்டம் ஒரு செலவை அனுமதிக்கிறது என்பதால் மட்டும் அது நியாயமான செலவு ஆகிவிடாது. தொழில் செய்பவரின் வழக்கில் நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவர் வாகனப் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். ஆண்டு வரவு 40 லட்சம், செலவு 34 லட்சம், லாபம் 6 லட்சம். மாதத்துக்கு 50,000. இனி செலவுப் பட்டியலைத் திறப்போம்.

இயந்திரங்களின் தேய்மானம் என்று 4 லட்சம். இது கணக்கில் எழுதும் எண். இந்த ஆண்டு அவர் கையிலிருந்து அந்தப் பணம் வெளியே போகவில்லை. இயந்திரங்களை ஒருநாள் மாற்றத்தான் வேண்டும் என்று அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. நீதிபதி அதில் பாதியை ஏற்கிறார் என்று வைப்போம். 2 லட்சம் திரும்பக் கூடுகிறது.

காருக்கான எரிபொருளும் காப்பீடும் 1,80,000. அதே காரில்தான் குடும்ப ஓட்டமும். பாதி, அதாவது 90,000, சொந்தச் செலவு. தொலைபேசி, இணையம் 60,000. அதிலும் பாதி கூடுகிறது. அப்புறம் ஓர் உறவினருக்குச் சம்பளம் என்று 2,40,000. அவர் பட்டறைப் பக்கமே வருவதில்லை என்று வருகைப் பதிவேட்டிலிருந்து தெரிகிறது. அது முழுவதும் கூடும்.

6,00,000 லாபத்தோடு 2,00,000, 90,000, 30,000, 2,40,000 சேர்ந்தால் 11,60,000. மாதத்துக்கு ஏறக்குறைய 97,000. எந்தப் பதுக்கலையும் கண்டுபிடிக்கவில்லை, அவரே தாக்கல் செய்த கணக்கைத்தான் படித்தோம். வருமானம் இரண்டு மடங்கை நெருங்கிவிட்டது. அதனால் சுயதொழில் என்றால் 'லாபம் எவ்வளவு' என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். லாப நட்டக் கணக்கை முழுதாகக் கேளுங்கள்.

கம்பெனி அவருடையது. ஆனால் லாபத்தை வெளியே எடுக்காமல் கம்பெனிக்குள்ளேயே வைத்திருக்கிறார்.

கம்பெனி சட்டத்தின் கண்ணில் தனி ஆள்தான். ஆனாலும் எவ்வளவு சம்பளம் எடுப்பது என்பதை அவர் ஒருவரே முடிவு செய்யும் நிலை என்றால், நீதிமன்றம் திரைக்குப் பின்னால் பார்க்கும். கனடாவில், பங்குதாரராகவோ இயக்குநராகவோ இருப்பவரின் வருமானத்தோடு கம்பெனியின் வரிக்கு முந்தைய லாபத்தை முழுதாகவோ பகுதியாகவோ சேர்க்கலாம். தொழிலுக்கு உண்மையிலேயே மூலதனம் தேவை என்றால் விட்டுவிடுவார்கள். எதற்காக அந்தப் பணம் உள்ளே இருக்க வேண்டும் என்று அவர்தான் விளக்க வேண்டும்.

கம்பெனி தரும் வீடு, கார் போன்றவை?

பல இடங்களில் சேரும். வீட்டு வாடகையை நிறுவனம் கட்டினால், அவருடைய சம்பளத்தில் அந்த அளவு மிச்சம். ஆஸ்திரேலியாவில் இப்படிப்பட்ட சலுகைகளில் வரிக் கணக்கில் காட்டப்படுபவற்றையும், வாடகைக்கு விட்ட வீட்டில் காட்டும் நட்டத்தையும் வருமானத்தோடு திரும்பக் கூட்டித்தான் கணக்கிடுகிறார்கள்.

எல்லாம் கைக்காசாக வாங்குகிறார். எந்தப் பதிவும் இல்லை. எப்படி நிரூபிப்பது?

வரவைக் காட்ட முடியாத இடத்தில் செலவைக் காட்டுங்கள். மாதம் 15,000தான் வருமானம் என்று சத்தியம் செய்பவர் 20,000 வாடகை கட்டுகிறார், 12,000 கார் தவணை கட்டுகிறார், எந்தக் கடனும் வாங்கவில்லை என்றால், மீதி எங்கிருந்து வருகிறது? இதற்குத் திருப்தியான பதில் இல்லையென்றால், வாழும் வாழ்க்கையை வைத்தே வருமானத்தை ஊகிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கிரெடிட் கார்டு அறிக்கை, வாகனப் பதிவு, வாடகை ஒப்பந்தம், பயணச் சீட்டுகள், கடன் கேட்டு வங்கியில் கொடுத்த விண்ணப்பம், இவையெல்லாம் பயன்படும். கடைசியாகச் சொன்னதற்குத் தனி மதிப்பு உண்டு. கடன் வாங்கப் போகும்போது யாரும் தன் வருமானத்தைக் குறைத்துச் சொல்வதில்லை.

ஒரு எச்சரிக்கை. ஆதாரம் தேடுகிறேன் என்று அவருடைய மின்னஞ்சலுக்குள் புகுவது, கடவுச்சொல்லைத் திருடுவது வேண்டாம். அது உங்கள் மேலேயே வழக்காகத் திரும்பலாம். ஆவணங்களைத் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி நீதிமன்றத்திடமே கேட்கலாம். வங்கிக்கும் வேலை தரும் நிறுவனத்துக்கும் நேரடியாக நோட்டீஸ் போகும்.

பராமரிப்புத் தொகை தரக் கூடாது என்பதற்காகவே வேலையை விட்டுவிட்டார். வருமானம் பூஜ்யம் ஆகிவிடுமா?

ஆகாது. அவர் சம்பாதித்திருக்கக்கூடிய வருமானத்தை அவர் மேல் ஏற்றிக் கணக்கிடுவார்கள். ஏறக்குறைய எல்லா நாட்டுச் சட்டமும் இந்த இடத்தில் ஒரே பக்கம் நிற்கிறது. உடல்நலமுள்ள ஒருவர் தனக்கு வருமானமே இல்லை என்று கைவிரிக்க முடியாது, உழைத்தாவது மனைவியையும் பிள்ளைகளையும் காப்பாற்ற வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது.

எவ்வளவு ஏற்றுவது என்பதில்தான் வாதம் நடக்கும். அவருடைய படிப்பு, திறமை, இதுவரை வாங்கிய சம்பளம், வயது, உடல்நலம், அவர் வாழும் பகுதியில் அந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா, அங்கே அதற்கு என்ன சம்பளம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் 2016 கூட்டாட்சி விதியும், வருமானத்தை இப்படி ஏற்றும்போது அந்தத் தனிமனிதரின் சூழ்நிலையைப் பார்க்கும்படி சொல்கிறது. எல்லோருக்கும் ஒரே எண்ணை ஒட்டிவிடுவது எளிது. ஆனால் கட்டவே முடியாத ஒரு தொகையை எழுதிவைத்தால் பாக்கி ஏறுமே தவிர பிள்ளைக்கு ஒன்றும் வந்து சேராது.

எல்லா வேலை விலகலும் தந்திரம் இல்லை. கைக்குழந்தையையோ மாற்றுத்திறனுள்ள பிள்ளையையோ பார்த்துக்கொள்வதற்காக, நோய்க்காக, நியாயமான ஒரு படிப்புக்காக வேலையைக் குறைத்துக்கொண்டால் அதை ஏற்கலாம். இந்த வேறுபாட்டைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் தேதிதான். நோட்டீஸ் வந்தது 10ஆம் தேதி, ராஜினாமாக் கடிதம் 14ஆம் தேதி என்றால் விளக்கம் சொல்வது கஷ்டம்.

எனக்கு உண்மையிலேயே வேலை போய்விட்டது. இப்போது என்ன செய்வது?

உடனே மனுப் போடுங்கள். இன்றைக்கே என்றுகூடச் சொல்வேன். உத்தரவு தானாக மாறாது. மாற்றச் சொல்லிக் கேட்கும் வரை பழைய தொகை ஓடிக்கொண்டேதான் இருக்கும். அமெரிக்காவில் 1986 முதல், ஏறிவிட்ட பாக்கியை நீதிபதியே நினைத்தாலும் பின்தேதியிட்டுக் குறைக்க முடியாது. மனு பற்றிய அறிவிப்பு எதிர்த்தரப்புக்குப் போன நாளிலிருந்துதான் மாற்ற முடியும். 'வேலை கிடைத்ததும் சரி செய்துகொள்ளலாம்' என்று ஆறு மாதம் சும்மா இருப்பவர்கள் அந்த ஆறு மாதப் பாக்கியையும் சுமக்க வேண்டிவரும்.

வேலைநீக்கக் கடிதம், விண்ணப்பித்த வேலைகளின் பட்டியல், வந்த பதில்கள், எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். முழுத்தொகை முடியாவிட்டாலும் முடிந்ததைக் கட்டிக்கொண்டே இருங்கள். பணிநீக்கத்தின்போது மொத்தமாக வந்த பணம், அது எத்தனை மாதச் சம்பளமோ அத்தனை மாதத்துக்கான வருமானமாகப் பார்க்கப்படலாம்.

சிறையில் இருப்பவருக்கு?

மேலே சொன்ன 2016 விதிப்படி, அமெரிக்காவில் சிறைவாசத்தை 'வேண்டுமென்றே வேலையில்லாமல் இருப்பது' என்று கருதக் கூடாது. சொத்தோ வாடகை வரவோ இருந்தால் அது தனி.

பிள்ளையை வைத்திருப்பவரின் வருமானத்தையும் பார்ப்பார்களா?

முறையைப் பொறுத்தது. பிரிட்டனில் தர வேண்டியவரின் வருமானம் மட்டுமே சூத்திரத்தில் வரும். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களும் ஆஸ்திரேலியாவும் இருவரின் வருமானத்தையும் கூட்டுகின்றன. தந்தைக்கு 60,000, தாய்க்கு 40,000 என்று வைப்போம். சேர்ந்தால் ஒரு லட்சம். அந்த நிலையில் உள்ள குடும்பம் ஒரு பிள்ளைக்குச் செலவழிப்பது 24,000 என்று அட்டவணை சொன்னால், தந்தையின் பங்கு 60 விழுக்காடு, அதாவது 14,400. தாயின் 9,600 பிள்ளைக்கு நேரடியாகவே செலவாகிறது என்று எடுத்துக்கொள்வார்கள்.

இந்தியாவில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த வழிகாட்டுதல்படி, இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன், மாதச் செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். தாய் வேலைக்குப் போகிறார் என்பதால் தந்தையின் பொறுப்பு கழன்றுவிடாது. அதேபோல் தாய் தன் சம்பளத்தை மறைத்தால் அதுவும் பொய்ப் பிரமாணம்தான்.

பிள்ளை பாதி நாள் என்னிடம்தான் இருக்கிறது. என் வருமானத்தைக் குறைத்துப் பார்ப்பார்களா?

வருமானம் குறையாது, தொகை குறையும். பிரிட்டனில் ஆண்டுக்கு 52 இரவுகளுக்குக் குறையாமல் பிள்ளை தங்கினால் ஏழில் ஒரு பங்கு கழியத் தொடங்குகிறது.

மறுமணம் செய்துகொண்டார். புதிய துணையின் சம்பளத்தையும் சேர்க்கலாமா?

பொதுவாக முடியாது. முதல் திருமணத்துப் பிள்ளையைக் காப்பாற்றும் கடமை அந்தப் பிள்ளையின் பெற்றோருக்கு மட்டும்தான். ஆனால் 'இந்தத் தொகையைக் கட்டினால் என் குடும்பம் தாங்காது' என்று அவர் சலுகை கேட்டால், இரு வீடுகளின் வாழ்க்கைத் தரத்தையும் ஒப்பிட நேரும். அப்போது புதிய துணையின் வருமானமும் வெளிச்சத்துக்கு வரும்.

வீட்டுக் கடன், கார் தவணை கட்டியபின் ஒன்றும் மிஞ்சுவதில்லை என்கிறாரே?

தவணை கட்டுவது சொத்து சேர்ப்பதும்கூட. பிள்ளையின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் முன்னால் கார் தவணையை நிறுத்த எந்த நீதிபதியும் எளிதில் சம்மதிக்க மாட்டார். பிள்ளை இப்போது குடியிருக்கும் வீட்டுக்கான கடனை அவர் கட்டிக்கொண்டிருந்தால் அதைக் கருத்தில் கொள்வார்கள். மருத்துவத்துக்காக வாங்கிய கடனும் அப்படித்தான்.

வாரிசுச் சொத்து வந்தது, நிலம் விற்றார். அது வருமானமா?

மூலத்தொகையை வருமானமாக எடுப்பது குறைவு. அதிலிருந்து வரும் வட்டி, வாடகை நிச்சயம் வருமானம். பெருந்தொகையை ஒரு பைசா வருமானம் வராதபடி வேண்டுமென்றே முடக்கி வைத்திருந்தால், அது எவ்வளவு ஈட்டியிருக்கும் என்று பார்த்து ஏற்றவும் செய்யலாம்.

அவர் ஆவணம் எதையுமே தரவில்லை என்றால் வழக்கு நின்றுவிடுமா?

நிற்காது. மறைப்பவருக்குப் பாதகமாகவே முடிவெடுக்க நீதிமன்றத்தால் முடியும். கனடாவில், கேட்ட வருமான விவரத்தைத் தராததே வருமானத்தை ஏற்றிக் கணக்கிட ஒரு காரணம். நீங்கள் செய்ய வேண்டியது, நீதிபதி கையில் ஓர் எண்ணைக் கொடுப்பது. 'நிறையச் சம்பாதிக்கிறார்' என்று மட்டும் எழுதினால் அதை வைத்து உத்தரவு போட முடியாது. அவருடைய பதவி, வேலை பார்க்கும் இடம், அந்தப் பதவிக்கு வேலைவாய்ப்பு விளம்பரங்களில் போடும் சம்பளம், சேர்ந்து வாழ்ந்த காலத்தில் வீட்டுக்குத் தந்த பணம் வங்கியில் ஏறிய பதிவு, இவற்றிலிருந்து ஒரு தொகையைக் கணக்கிட்டு, எப்படி வந்தது என்றும் எழுதுங்கள்.

வெளிநாட்டில் வேலை செய்கிறார். அந்தச் சம்பளத்தை அப்படியே மாற்றிக் கணக்கிடலாமா?

நாணய மாற்று விகிதத்தில் மாற்றுவது முதல் படி மட்டும்தான். வரியே இல்லாத நாட்டில் வாங்கும் சம்பளமும், மூன்றில் ஒரு பங்கு வரிக்குப் போகும் நாட்டில் வாங்கும் சம்பளமும் எண்ணில் ஒன்றாக இருந்தாலும் கையில் ஒன்றல்ல. வரி குறைந்த நாட்டில் வசிப்பவருக்கு வருமானத்தை உயர்த்திப் பார்க்கலாம் என்று கனடாவின் விதிகளில் இடம் இருக்கிறது. எதிர்ப்பக்கம், அங்கே வீட்டு வாடகையும் சாப்பாடும் எவ்வளவு ஆகிறது என்பதை அவர் ரசீதோடு காட்டலாம். வேலை ஒப்பந்தத்தின் நகலையும், சம்பளம் ஏறும் வங்கிக் கணக்கின் ஓராண்டு அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் என்று இருப்பது சிறியதாகவும், தங்குமிடம், பயணம், உணவு என்று படிகளாக வருவது பெரியதாகவும் இருப்பது சகஜம். அந்தப் படிகளையும் சேர்த்துத்தான் கூட்ட வேண்டும்.